நடந்து போகும் தூரம்

வாருங்கள் தம்பி, வாருங்கள். ஷூவை இங்கேயே விட்டுவிடலாம். வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம் மாடிக்கு வந்துவிடுங்கள். பின்பக்கத்து அறை. இந்த ஜன்னல். தெரிகிறதா? அதோ, கொடிக்கம்பம். அதுதான் பீச் ஹாலோ தொடக்கப்பள்ளி. இணையத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி. இந்த ஜன்னலிலிருந்து அந்தக் கம்பம் முந்நூற்றுப் பத்து மீட்டர்.

இப்போது ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். இந்த வீட்டுக் குழந்தை அந்தப் பள்ளிக்குப் போக முடியாது. மில் தெருப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அது நாலு. பத்துக்கு நாலு.

ஏஜெண்ட் உங்களிடம் இதைச் சொல்லவில்லை, இல்லையா? சொல்ல மாட்டார். 'பள்ளிகளுக்கு அருகில்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விற்பேன். உட்காருங்கள்.

நான் பேசுவது உங்களுக்குச் செய்தி வாசிப்பதுபோல இருக்கலாம். பள்ளி நாளிலிருந்தே வந்த பழக்கம். "இவரு சாம்பார் கேட்டாலே வானிலை அறிக்கை மாதிரி இருக்கும்" என்பாள் மங்கை. மங்கை என் மனைவி, கீழே பார்த்தீர்களே. என் பெயர் சிற்சபேசன். ஆபீஸில் சிட். ஊர் சீர்காழி. வேலை, மென்பொருள் சோதனை. அதாவது, மற்றவர்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று மங்கைக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மகள் தாரிணி. நாலாம் வகுப்பு. அவளுக்காகத்தான் இந்த வீட்டை வாங்கினேன். அவளுக்காகத்தான் விற்கிறேன். பக்கத்து ஊரில் பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. இந்த வீடு விற்ற மறுநாள் அங்கே போய்விடுவோம். விற்காவிட்டால் அவள் மில் தெருவிலேயே கிடந்து ஐந்தாம் வகுப்பையும் முடித்துவிடுவாள். அதுதான் என் கவலை. வேறு கவலை எனக்குக் கிடையாது.

நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் என்று போனில் சொன்னீர்கள். அப்படியானால் உங்களுக்கு ஒரு அடிப்படை விஷயம் தெரிந்திருக்காது. நம் ஊரில் பள்ளியைத் தேடிப் போவோம், விடியற்காலையில் விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்போம், எம்.எல்.ஏ.விடம் கடிதம் வாங்குவோம். இங்கே பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வீட்டு விலாசம் எந்தக் கோட்டுக்குள் விழுகிறதோ அந்தக் கோட்டுக்குரிய அரசுப் பள்ளி. கோடு உங்கள் வீட்டு வாசலில் போனால், உங்கள் பிள்ளை ஒரு பள்ளி, எதிர் வீட்டுப் பிள்ளை இன்னொரு பள்ளி. அந்த எதிர் வீட்டுக்காரர் விடிய விடிய வரிசையில் நிற்கவில்லை. முப்பது வருஷக் கடனில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்த நாட்டில் கல்விச் சீர்திருத்தம் பற்றி வருஷத்துக்கு நூறு புத்தகம் வருகிறது. ஒரு கட்சி, பெற்றோர் கையில் அரசுப் பணத்துக்கான சீட்டைக் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பு என்கிறது. இன்னொரு கட்சி, அரசுப் பள்ளிக்கே இன்னும் கொட்டிக் கொடு என்கிறது. நான் இரண்டு பக்கத்தையும் படித்தேன். இரண்டு பக்கத்திலும் அடிக்குறிப்புகள் சரியில்லை. நானே பதினேழு பரிந்துரைகள் எழுதி மாவட்டக் கல்வித் தலைவருக்கு அனுப்பினேன். பத்து வாரக் கோடை விடுமுறையை நாலு வாரமாகக் குறைக்க வேண்டும். மாதத் தேர்வு வேண்டும். டீச்சர்கள் தங்கள் கைக்காசில் பென்சில் வாங்கும் கேவலத்தை நிறுத்த வேண்டும். இப்படிப் பதினேழு. தலைவர் பெண்மணி நல்லவர். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் போட்டார். ஒரே வரி. ஆனால் என் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருந்தார் பாருங்கள், அதுதான் வினையாயிற்று.

போன வருஷம் செப்டம்பரில் பீச் ஹாலோ நிரம்பி வழிந்தது. இரண்டு வகுப்புகள் கார் நிறுத்துமிடத்தில் தகர டிரெய்லருக்குள் நடந்தன. நாலு மைல் தள்ளி மில் தெருவில் ஆறு வகுப்பறைகள் காலி. ஆகவே கோட்டை மாற்றி வரைய வேண்டும். அதற்குப் பொதுமக்கள் குழு. பதினோரு பேர். முதல் அழைப்பு எனக்குத்தான்.

"போகாதீங்க" என்றாள் மங்கை.

"ஏன்?"

"நம்ம வீடு இப்ப கோட்டுக்குள்ள இருக்கு. கோட்டைத் தொடப் போற எடத்துல நமக்கென்ன வேலை?"

தொலைநோக்கு இல்லாத பேச்சு. தொடப்போகிற இடத்தில் நாம் இருந்தால்தானே நம் பக்கம் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம்? இதை அவளிடம் சொல்லவில்லை. பொதுநலன் என்று மட்டும் சொன்னேன். பொதுநலனும்தான்.

குழுவில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் பிராட், பல் மருத்துவர். எப்போதும் சிரித்தபடியே இருப்பார். விளம்பரம் என்று நினைக்கிறேன். அவர் பையனும் பீச் ஹாலோதான். இன்னொருவர் லொரெட்டா. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கூட்டத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருப்பார். அவரை எதற்குக் குழுவில் சேர்த்தார்கள் என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை.

முதல் கூட்டத்தில் நிபுணர் ஒருவர் வந்து, பள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, நேர்க்கோட்டில் யார் அருகிலோ அவர்களுக்கு இடம் என்றார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் சைகமோர் குடியிருப்பு வருகிறது. ஹாலிஸ் சாலைக்கு அந்தப் பக்கம், அறுநூறு வாடகை வீடுகள். நிறைய குழந்தைகள். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். இருபது மொழி.

தம்பி, நான் யாரையும் குறை சொல்லவில்லை. சைகமோரில் நானே நாலு வருஷம் குடியிருந்தவன். தாரிணி பிறந்ததே அங்கேதான். எனக்கு அவர்கள்மேல் என்ன விரோதம்? எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்பு. ஹாலிஸ் சாலை நாலு வழிச் சாலை. கடக்க இடமே கிடையாது. பாலத்துக்கு அடியில் போய்ச் சுற்றி வந்தால் இரண்டரை மைல். "காக்கைகளுக்கா பள்ளி நடத்துகிறோம்? நேர்க்கோட்டில் பறந்து வருவதற்கு? குழந்தைகள் நடந்து வருகிறவர்கள். நடந்து போகும் தூரத்தைத்தான் அளக்க வேண்டும்" என்றேன். குழு அசந்துவிட்டது. பிராட்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

லொரெட்டா மட்டும் பின்னலிலிருந்து தலையைத் தூக்கி, "சிட், உன் வீட்டிலிருந்து நடந்து பார்த்திருக்கியா?" என்றார்.

"என் ஜன்னலிலிருந்து கொடிக்கம்பம் தெரியும், மேடம்" என்றேன்.

"ஜன்னல் வழியாவா போவே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டுநர்தானே, கொள்கை விளக்கம் அவருக்குப் பிடிபடவில்லை என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்து, மாவட்டக் கல்விக்குழுவின் பொதுக்கூட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். மூன்றே நிமிடம். எதிரே சின்ன விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் மைக் அணைந்துவிடும். என்னிடம் பதினோரு பக்கம் இருந்தது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பில் மூன்று நிமிடம் வைத்து, வெறும் தட்டைச் சுற்றவிட்டு, ஒன்பது நாள் ஒத்திகை பார்த்தேன். தாரிணி எதிரே உட்கார்ந்து, "அப்பா, டிங் அடிச்சிடுச்சு" என்பாள். பத்தாம் நாள் இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடியில் முடித்தேன்.

கூட்டத்தில் எப்படிப் பேசினேன் தெரியுமா? மழையில், ஒரு ஏழு வயதுக் குழந்தை, ஹாலிஸ் சாலை ஓரம், லாரிகள் சீறிப் போகின்றன, கையில் அவள் வரைந்த படம் நனைகிறது என்று ஆரம்பித்தேன். முன் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தார். "அந்தக் குழந்தையை அந்தச் சாலையைக் கடக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?" என்று முடித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் என் அறிக்கை எதற்கும் யாரும் கைதட்டியது கிடையாது.

கைதட்டியவர்களில் ஒருவர் நகராட்சிப் பொறியாளர். அது எனக்குத் தெரியாது.

ஆறே வாரம். நம்புவீர்களா? இந்த ஊரில் என் வாசல் குழியை மூடச் சொல்லி மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறே வாரத்தில் ஹாலிஸ் சாலையில் வெள்ளைக் கோடு, நடுவில் நின்று போக மேடை, பொத்தானை அழுத்தினால் எரியும் விளக்கு, எல்லாம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். ரிப்பனை நான் வெட்டினேன். போட்டோகூட இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன். மங்கை அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இப்ப அந்தப் புள்ளைங்க எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டாள்.

"முக்கால் மைல்" என்றேன்.

"நம்ம புள்ள?"

"முந்நூற்றுப் பத்து மீட்டர்."

அவள் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் விதிகளை எழுதினோம். எழுதினோம் என்ன, நான்தான் எழுதினேன். ஏழு விதிகள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை பொது நடைபாதையில் தூரம் அளக்க வேண்டும். குறைந்த தூரம் முதலில். நானூற்று எண்பது இடம் நிரம்பியதும் கோடு. அழகான விதி. அப்போது பிராட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "இப்போது அங்கே படிக்கிற குழந்தைகள், கோடு எங்கே போனாலும், ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே முடித்துக்கொள்ளட்டும்."

எனக்கு உடனே பொறி தட்டியது. ஆகா, இவர் வீடு கோட்டுக்கு வெளியே போகும்போல இருக்கிறது, பையனைக் காப்பாற்றப் பார்க்கிறார். நாற்பது நிமிடம் பேசினேன். சலுகை என்பது சமத்துவத்தில் விழுகிற முதல் ஓட்டை என்றேன். விதி என்றால் விதி என்றேன். கடைசியில் ஏழாம் விதிக்குக் கீழே (ஆ) பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தேன்: 'இவ்விதிகளுக்கு எவ்வித விலக்கும் இல்லை, குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் உட்பட.' பத்துக்கு ஒன்று என்று வாக்கு; பிராட்கூடத் தோளைக் குலுக்கிவிட்டு என் பக்கம் கை தூக்கினார். அந்த ஒன்று லொரெட்டா. வெளியே வரும்போது அவர் என் தோளைத் தட்டி, "தங்கமே, நீ படிச்சவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் வரைபடம் வந்தது.

தம்பி, நீங்கள் காரில் வரும்போது கவனித்தீர்களா, எத்தனை வளைவு? இது முட்டுச்சந்து. நம் ஊரில் முட்டுச்சந்து வீடு என்றால் வாஸ்துக்காரர் முகம் சுளிப்பார். இங்கே அதற்குத்தான் கிராக்கி. இந்தச் சந்திலிருந்து வெளியே போக ஒரே வழி. வலது, இடது, மறுபடி வலது, ஏரியைச் சுற்றி, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி, கடைத்தெரு வந்து, அங்கிருந்து திரும்பி வந்தால்தான் பள்ளி வாசல். ஜன்னலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓடை, ஒரு வேலி. நடந்து போகும் தூரம் இரண்டு புள்ளி ஒன்று மைல்.

பட்டியலில் தாரிணி நானூற்றுத் தொண்ணூற்று ஏழாவது ஆள். நானூற்று எண்பதில் கோடு.

சைகமோர் முழுக்க உள்ளே. பிராட் உள்ளே. அவர் வீடு பள்ளியிலிருந்து இரண்டாவது தெருவாம். அவர் திருத்தம் கொண்டுவந்தது அவருக்காக இல்லையாம். லொரெட்டா சொல்லி, எனக்காகக் கொண்டுவந்தாராம்! அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? நேர்மையில்லாத ஆள். கூட்டம் முடிந்து என் கையைக் குலுக்கி, "சிட், அந்த (ஆ) பிரிவு அற்புதமான வாக்கியம்" என்றார். எல்லாப் பல்லும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வழி போட்டுக் குடுத்தீங்க. நம்ம புள்ளைக்குத்தான் வழி இல்லாமப் போச்சு" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெகுநேரம்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் அருளப்பனைப் பார்த்தேன். தூத்துக்குடிக்காரர், சைகமோரில் இருக்கிறார், இரண்டு பையன்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி! ஒங்க பேச்சாலதான் எம் பயலுவ ரெண்டு பேருக்கும் ஒம்பது மார்க்கு பள்ளிக்கொடம் கெடச்சிருக்கு. ஒங்கள நாங்க மறக்கவே மாட்டோம்." மறுநாள் ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தார். தாரிணிக்கு ரொம்பப் பிடித்தது. நான் ஒன்றுகூடத் தொடவில்லை. இரண்டுதான் தின்றேன்.

நான் அவ்வளவு எளிதில் விடுகிறவன் இல்லை. என் விதிகளை நானே மறுபடி படித்தேன். ஐந்தாம் விதி: 'புதிய நடைபாதை ஏற்படின் தூரம் மறுபடி அளக்கப்படும்.' சைகமோர் உள்ளே வந்ததே அப்படி ஒரு புதுப் பாதையால்தான். அப்படியானால் நானும் ஒரு நடைபாதை ஏற்படுத்தலாமே? ஓடையில் ஒரு மரப்பாலம், வேலியில் ஒரு கதவு, முடிந்தது. இந்தச் சந்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன். அவர்கள் வேலிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதையே எட்டு மாதமாக விவாதிக்கிறவர்கள். சரி, முதலில் தூரத்தை அளந்து, புகைப்படத்தோடு மேல்முறையீடு செய்வோம் என்று தீர்மானித்தேன்.

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்தேகால். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். லேசான தூறல், ஆகவே தலையை மூடிய கறுப்பு மழைக்கோட்டு. அலுமினிய ஏணியை ஓடைமேல் படுக்க வைத்தேன். கையில் அளவுச் சக்கரம், அதுதான், நீளக் கம்பின் நுனியில் சக்கரம் இருக்குமே, சாலை போடுகிறவர்கள் உருட்டுவார்களே, அது. ஏணிமேல் நடந்து ஓடையைத் தாண்டினேன். பிறகு ஏணியை எடுத்து வேலியில் சாத்தி ஏறினேன். அந்தப் பக்கம் குதித்து, கொடிக்கம்பம் வரை சக்கரத்தை உருட்டினேன். முந்நூற்று ஆறு மீட்டர்! முந்நூற்றுப் பத்துகூட இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அப்போது பள்ளி ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. உடனே எல்லா ஜன்னலிலும் திரைகள் இறங்கின. விளக்குகள் அணைந்தன. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே பள்ளிகளில் இது ஒரு பயிற்சி. துப்பாக்கியோடு எவனாவது வந்தால் குழந்தைகள் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். மாதத்துக்கொரு முறை ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகைதான் என்று நினைத்தேன். நல்ல ஒழுங்கு என்று மனதுக்குள் பாராட்டினேன். நேரம்கூடக் குறித்துக்கொண்டேன். கிழக்குப் பக்கம் மூன்றாவது ஜன்னலில் திரை சரியாக மூடவில்லை, அதைத் தலைமையாசிரியருக்கு எழுத வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்துவிட்டது.

நாலு கார்கள். கையில் இருப்பதைக் கீழே போடு என்றார்கள். போட்டேன். முட்டி போட்டு உட்கார் என்றார்கள். ஈரப் புல். உட்கார்ந்தேன். ஐந்தாம் விதியை விளக்கினேன். அந்த அதிகாரி விதிகளைப் படித்திருக்கவில்லை. உடற்பயிற்சி டீச்சர் மைதானத்திலிருந்து என்னைப் பார்த்து, நீளமாக ஏதோ வைத்திருக்கிறான் என்று தகவல் கொடுத்தாராம். சக்கரத்தைக் கவனிக்கவில்லை. சக்கரம்தானே அதில் முக்கியமான பாகம்?

எல்லாம் நாற்பது நிமிடம். பெரிய விஷயம் இல்லை. கடைசியில் கல்வித் தலைவர் வந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். அதில் தேதி தப்பு. சிவப்பு மையில் திருத்தி, திருப்பி அனுப்பினேன்.

தாரிணியும் உள்ளேதான் இருந்தாள், புதுக் கோடு ஆகஸ்டிலிருந்துதானே. வேறெங்கே இருப்பாள், புதன்கிழமைதானே. அன்று சாயங்காலம் மங்கையின் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் மங்கை சொன்னாள்: "இருட்டுல உக்காந்திருக்கப்ப ஒரு பையன் 'ஏணி வச்சிருக்கானாம்'னு சொல்லியிருக்கான். காலையில நீங்க ஏணியை எடுத்து வச்சதை அவ பாத்திருக்கா. அவளுக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சுங்க."

எனக்கு அதுதான் புரியவில்லை. நான் தாரிணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டேன். "தெரிஞ்சிருந்தா டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு? 'அது எங்க அப்பா'ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே?"

"பேசக் கூடாதுன்னு ரூல், அப்பா" என்றாள்.

"சரி. பயமா இருந்துச்சா?"

"ம்."

"அப்பான்னு தெரிஞ்ச பிறகு என்ன பயம்?"

"அப்பறம்தான் பயம்" என்றாள்.

பாருங்கள், கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? அப்பா என்று தெரிந்தால் பயம் போகத்தானே வேண்டும்? மங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். குழந்தைகளுக்குத் தர்க்கம் எட்டாம் வகுப்பில்தான் வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஏணியை மங்கை மறுநாளே யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்டிலிருந்து மில் தெரு. லொரெட்டாவின் பேருந்தில்தான் போகிறாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முதல் இடம் அவளுக்கு. மூன்று மாதம் ஆகிறது. நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும் இல்லையா, ஆகவே சொல்கிறேன், அந்தப் பள்ளி எனக்குத் திருப்தி இல்லை. வகுப்பில் பதினாறே பேர். போட்டி எங்கிருந்து வரும்? காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கேயே சாப்பாடு போடுகிறார்கள், பணக்காரன் ஏழை என்று பார்க்காமல். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கிறாராம். பிள்ளைகள் நினைப்பதற்கா அனுப்புகிறோம்?

பீச் ஹாலோவில் இருந்த மூன்று வருஷமும் அறிக்கையில் ஒரே வாக்கியம்: 'அமைதியான குழந்தை, எந்தத் தொல்லையும் இல்லை.' எனக்கு எவ்வளவு பெருமை. இங்கே முதல் அறிக்கையிலேயே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'தாரிணி நிறையப் பேசுகிறாள். கேள்வி கேட்கிறாள். எல்லாரையும் சிரிக்க வைக்கிறாள்.' இரண்டே மாதத்தில்! காலையில் ஒலிபெருக்கியில் வானிலை அறிக்கை வாசிப்பது அவள்தானாம். வீட்டிலும் அதேபோல வாசிக்கிறாள். என்னைப்போலவே குரலை இழுத்து. மங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நடு ஹாலில் கைகட்டி நின்று, "மாலையில் அப்பா பகுதியில் இடியுடன் கூடிய பேச்சு" என்கிறாள். சொல்லுங்கள், இது நாலு மதிப்பெண் பள்ளியின் அறிகுறி இல்லாமல் வேறென்ன?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வீட்டை விற்றுவிடலாம் என்று. மங்கை மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "சரி, வித்ததும் போலாம்" என்றாள். தாரிணிதான் அன்று சாப்பிடவில்லை. இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது தாரிணி முகம் தெளிந்திருந்தது. மங்கைக்கு அந்தத் திறமை உண்டு, எடுத்துச் சொன்னால் குழந்தை புரிந்துகொள்கிறது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல யோசனையும் சொன்னார்கள். "ஏஜெண்ட் வந்தா அவங்க பாட்டுக்கு ரூமை ரூமைக் காட்டிட்டுப் போயிடுவாங்க. வர்றவங்களுக்கு நீங்களே காட்டுங்க. உங்க அளவுக்கு விளக்கிச் சொல்ல யாருக்கு வரும்?" என்றாள் மங்கை. சரிதானே? ஏஜெண்டுக்குத்தான் பொறாமை. நேற்றுக்கூடப் போனில், "தயவுசெய்து அரை மணி நேரம் கடைக்குப் போய்விட்டு வாருங்கள்" என்று கெஞ்சினார். நான் போவேனா?

நீங்கள் ஒன்பதாவது ஆள், தம்பி. முந்தைய எட்டுப் பேருக்கும் ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் நிதானமானவர்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

அதோ, பேருந்துச் சத்தம். தாரிணி வந்துவிட்டாள். நீங்களே கேளுங்கள், வந்ததும் என்ன கேட்கிறாள் என்று. ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

வா கண்ணு. மாமாவுக்கு வணக்கம் சொல்லு. வீடு பார்க்க வந்திருக்காங்க... எல்லாம் சொல்லிட்டேன்மா. ஆமா, நாலு மார்க்கையும் சொல்லிட்டேன். போலீஸும்தான். கிழக்குப் பக்கத்து ஜன்னலா? அதையும் சொன்னேன். சரி, போய்ப் பையை வை. அம்மா கீழே கேசரி கிண்டுறா.

பார்த்தீர்களா தம்பி? ஒன்பது வயது. வாங்க வருகிற ஆளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவளுக்குத்தான் எவ்வளவு அக்கறை! இந்த நேர்மை மில் தெருவில் சொல்லிக்கொடுத்ததாக இருக்க முடியாது. வீட்டில் வந்தது.

யோசித்துச் சொல்கிறீர்களா? தாராளமாக. பார்த்துப் படியிறங்குங்கள். கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வாங்க வருகிறவர்கள் யாரையும் மங்கை வெறும் வாயோடு அனுப்புவதில்லை.